பால் கறந்த பின் அரை மணி நேரம்

(கோலா குபு பாரு வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் பேசியது)



சம்பளத்தையும் வீட்டு வசதியையும் பற்றிப் பேசும் இந்த மேடையில் மாட்டின் மடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் பசுவின் பால் காசுதான் பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. இந்தியாவிலிருந்து நம்மவரோடு வந்த மாடுகளின் வழிவந்தவற்றை, 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்று கால்நடை இலாகாவே ஓர் இனமாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பசுவுக்கு மடிநோய் கண்டு ஒரு காம்பு வற்றினால், நட்டஈடு கொடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

நோய் எப்படி வருகிறது? பால் வெட்டும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் மருந்து பூசாவிட்டால் பூஞ்சை பிடித்துப் பட்டை அழுகுகிறது அல்லவா? புதிதாக வெட்டிய இடம் கிருமிக்குத் திறந்த கதவு. காம்பும் அப்படியே. கறந்து முடித்ததும் காம்பு நுனித் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி, சில வேளை ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் பசு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகிறது. கறப்பவர் கையும், எல்லா மாட்டுக்கும் பயன்படுத்தும் ஒரே துணியும் ஒரு மாட்டின் நோயை அடுத்த மாட்டுக்குச் சேர்ப்பிக்கின்றன.

ஆகவேதான் கறந்தவுடன் காம்பை மருந்து நீரில் முக்க வேண்டும் என்கிறார்கள். 1916-இலேயே அமெரிக்காவில் இதற்குப் பைன் மர எண்ணெயைச் சொன்னார்கள். முதல் மருந்தே மரம் கொடுத்தது! பின்னர் 1960-களில் இங்கிலாந்தின் ரெடிங் நகர்ப் பால் ஆராய்ச்சி நிலையத்தார் பண்ணைகளில் சோதித்து, கறவைச் சுத்தமும் முக்குதலும் சேர்ந்தால் புதிதாக வரும் நோய் பாதியளவு குறைகிறது என்று காட்டினார்கள்.

இன்று கடையில் கிடைப்பது 0.5 விழுக்காடு அயோடின் உள்ள காம்பு மருந்து. காயத்துக்குப் போடும் சாராயம் கலந்த அயோடினை ஊற்றிவிடாதீர்கள், காம்பு வெந்துவிடும். கையில் காசில்லாத நாளில் வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்க வைத்து வடித்த நீரை ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். இவற்றுக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தி உண்டென ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அயோடினுக்கு அது நிகரல்ல. பச்சிலை என்றால் கெடுதல் வராது என்ற நம்பிக்கையும் தவறு. நேற்று வைத்த பச்சிலை நீரில் கிருமியே வளரும். அன்றன்று காய்ச்ச வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

நோய் வந்துவிட்டால் வேறு வழி. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவந்த களிம்பாகும். கெட்ட பாலைப் பீச்சிவிட்டு, மடியைக் கழுவி, களிம்பில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்துத் தடவ வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். இந்தியாவின் தேசிய பால்வள வாரியமும் இதைச் சொல்லித் தருகிறது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலோ, மடி கல்லாகிப் போனாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால், அவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது.

பிரட்டுக்கு நேரமாகிவிடும் என்பீர்கள். ஒரு மாட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் கன்று குடித்து முடித்த பிறகே முக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தெல்லாம் கன்றின் வாய்க்குள் போகும். முக்கியதும் முன்னால் புல்லைப் போடுங்கள். தின்னும் மாடு நின்றுகொண்டிருக்கும், துவாரம் மூடும்வரை படுக்காது. அடுத்த முறை கறக்கும்முன் காம்பைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். மங்கில் திரிந்த பால்போல் கட்டி கட்டியாக நின்றால், அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.