ரப்பர் வணிகர் போட்ட நிபந்தனை

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டார நூலகம் 2023இல் திறக்கப்பட்டது. ஐந்து மாடிகள்; தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிப் புத்தகங்களும் உண்டு. இன்று இது சாதாரணமாகத் தெரியலாம்.

அன்று அப்படியில்லை. பழைய ராஃபிள்ஸ் நூலகத்தில் பெரும்பாலும் ஆங்கில நூல்களே. இரவல் பெறச் சந்தாவும் கட்ட வேண்டும். 1953இல் ரப்பர் வணிகர் லீ கோங் சியான், புது நூலகத்துக்கு 3,75,000 டாலர் தர முன்வந்தார். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களும் இடம்பெற வேண்டும். காசு கொடுப்பவர் தம் பெயரைப் பொறிக்கச் சொல்வதுதானே உலக வழக்கம்! ஸ்டாம்ஃபர்ட் சாலையில் எழுந்த அந்தக் கட்டடத்தை 1960 நவம்பர் 12 அன்று அப்போதைய நாட்டுத் தலைவர் (யாங் டி-பெர்துவான் நெகாரா) யூசோஃப் இஷாக் திறந்துவைத்தார்.

அதனால் நமக்கென்ன லாபம்? அண்டை நாட்டு மொழி நூல்களும் நூலகத்தில் நம் கைக்கு எட்டுகின்றன. மலாய் மொழியின் பழம்பெரும் நூலான 'செஜாரா மெலாயு'வைப் புரட்டினால், இந்தியாவிலிருந்து துமாசிக் (இன்றைய சிங்கப்பூர்) வரை வந்த ராஜா சூலான் என்ற மன்னன் எதிர்ப்படுவான். சோழர் நினைவே அப்படிக் கதையானது என்பர் ஆய்வாளர் பலர். இந்தோனேசிய எழுத்தாளர் பிரமூத்யா அனந்த தூரையும் நூலகத்தில் சந்திக்கலாம்; அவர் புரு தீவுச் சிறையில் எழுதத் தாள் கிடைக்காமல், தம் நாவலைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகவே சொல்லிவந்தார்.

அடுத்த முறை நூலகம் போகும்போது, தமிழ் நூல்களோடு அண்டை நாட்டுப் புத்தகம் ஒன்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.