எண்ணெய் தொடாத தேய்ப்பு

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலைப் பொழுதில் வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விழாவுக்கு ஏற்ற பொருளன்று இது எனச் செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "நம் காலனியில் வலி இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், பொருளை மாற்றிவிடலாம்" என்றார். என்னால் காட்ட இயலவில்லை. 1990ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கில் விசைப்பலகையின் முன் அமர்ந்து பொருள் ஈட்டும் நம் பிள்ளைகளுக்கு முழங்கையில் வலி. பேரக்குழந்தையைத் தூக்கி வளர்ப்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களுக்குக் கட்டைவிரலின் அடியில் வலி. மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். மூன்று ஆண்டுகளாக அதனைச் சுமந்துகொண்டு சமைத்துப் போடுகிறவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள்.

வலி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது எண்ணெய். அதில் வியப்பில்லை. உழிச்சிலுக்குப் பெயர் பெற்ற மண்ணில் நாம் வாழ்கிறோம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் 1956இல் நிறுவப்பெற்ற சி.வி.என். களரியில் போர்க்கலையோடு உழிச்சில் மருத்துவமும் நடைபெற்று வந்திருக்கிறது. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைப் பற்றி நாகர்கோவில் அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை அப்பகுதியும் இம்மண்ணோடு ஒரே ஆட்சியில் இருந்ததுதானே! அந்த மரபுகளை எடைபோட நான் வரவில்லை. அவற்றிலிருந்து முற்றிலும் வேறான ஒரு தேய்ப்பைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். இயன்முறை மருத்துவர்கள், அதாவது பிசியோதெரபிஸ்டுகள், செய்கின்ற ஆழ் உராய்வுத் தேய்ப்பு அது.

இயன்முறை மருத்துவமே தேய்ப்பிலிருந்து பிறந்ததுதான். 1894இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர் ஒன்றுகூடி, முறையாகப் பயின்ற தேய்ப்பாளர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதுவே வளர்ந்து அந்நாட்டு இயன்முறை மருத்துவர்களின் சங்கமாயிற்று. "நீங்கள் என்ன, பிடித்துவிடுகிறவர்தானே?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. வருத்தப்படுவதில்லை, குலம் அதுதான்.

ஆழ் உராய்வுத் தேய்ப்புக்கு ஒழுங்கும் இலக்கணமும் வகுத்தவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1904 முதல் 1985 வரை வாழ்ந்தவர். இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணிபுரிந்தவர். இவருடைய தாய்வழிப் பாட்டனார் கெல்கிரென் என்பவர் சுவீடன் நாட்டு உடற்பயிற்சி மருத்துவத்திலும் தேய்ப்பிலும் வல்லவர். பாட்டனாரின் கைப்பழக்கத்தைப் பேரன் உடற்கூற்று அறிவோடு இணைத்தார் எனலாம்.

அந்த இலக்கணம் என்ன? முதலாவது, எண்ணெய் கூடாது, பொடியும் கூடாது. நம் வீட்டுத் தேய்ப்பில் கை வழுக்கிச் செல்ல வேண்டும். இங்கோ வழுக்கவே கூடாது. தேய்ப்பவரின் விரலும் நோயாளியின் தோலும் ஒன்றாக ஒட்டி நகர்ந்து, தோலுக்கு அடியில் இருக்கும் தசைநாணின் மீது உரச வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கினால் கொப்புளம் எழுமேயன்றி ஆழத்தில் ஒன்றும் நிகழாது. இரண்டாவது, நாரின் நெடுக்கில் தேய்க்காமல் குறுக்கே தேய்க்க வேண்டும். வீணையின் தந்தியை நெடுக வருடாமல் குறுக்கே மீட்டுவதைப் போன்றது இது. மூன்றாவது, இடம். உடல் முழுவதும் தேய்ப்பதன்று. ஒரு விரல்நுனி அளவான இடத்தில் மட்டுமே செய்வது. தசையைத் தேய்க்கும்போது அது தளர்ந்திருக்க வேண்டும். உறையுள்ள தசைநாணைத் தேய்க்கும்போது அது விறைப்பாக இழுபட்டிருக்க வேண்டும்.

கட்டைவிரல் வலியையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கக்கத்தில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குகிறோம். நாளுக்கு எத்தனை முறை என்பதற்குக் கணக்கில்லை. கட்டைவிரலை விரித்துத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் நாண் ஓடும்போதெல்லாம் வலிக்கும். 1895இல் இதனை விளக்கிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வேனின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால், நோயுள்ளவர் "ஐயோ" என்பார். இயன்முறை மருத்துவர் கையை அவ்வாறே சற்று இழுத்து வைத்துக்கொண்டு, வலியின் உச்சியில் தம் விரலை ஊன்றி, நாணுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் உரசுவார். முதல் ஓரிரு நிமிடங்கள் வலிக்கும். பிறகு அந்த இடம் மரத்துப்போனதுபோல் ஆகும். வலி குறையாமல் கூடிக்கொண்டே சென்றால், இடம் தவறு, அல்லது அழுத்தம் மிகுதி, அல்லது நோயே வேறு. உடனே நிறுத்திவிட வேண்டும். வழக்கமாகப் பத்து முதல் பதினைந்து நிமிடம் செய்வர்; ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வர்.

வலி எவ்வாறு தணிகிறது? ஒட்டிக்கொண்ட நார்கள் பிரிகின்றன, குருதியோட்டம் மிகுகிறது என்று சிரியாக்ஸ் கருதினார். 1965இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் வேறொரு கருத்தை வெளியிட்டனர். தொடுகையின் உணர்வு தண்டுவடத்தில் ஒரு கதவைச் சாத்துவதுபோல் வலியின் செய்தியைத் தடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. அடிபட்ட இடத்தை நாம் தாமாகவே தேய்த்துக்கொள்வதற்குக் காரணமும் அதுவே என்பர். மரத்துப்போகும் அந்தச் சிறிது நேரம் ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பில் கையை அசைக்கவும், படிப்படியாகப் பளுவைத் தாங்கவும் பழக்குகிறோம். என் அனுபவத்தில் பாதி வேலை அந்தப் பயிற்சிதான். தேய்ப்புக்கு நாள் தவறாமல் வருகிறவர்கள் பயிற்சியை மட்டும் வீட்டில் மறந்துவிடுகிறார்கள்!

உண்மையை மறைக்கக் கூடாது. 2014இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, முழங்கை வெளிப்புற வலிக்கும் முழங்கால் வெளிப்புற வலிக்கும் இத்தேய்ப்பு பயன் தருமா என்று ஆராய்ந்தது. தகுதியான ஆய்வுகள் இரண்டுதான் கிடைத்தன. இரண்டிலும் சேர்த்து நோயாளிகள் 57 பேர். பயன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதி கூறப் போதிய சான்றில்லை என்பதே முடிவு. ஆகவே "பத்தே முறையில் தீர்த்துவிடுவோம்" என்று எவரேனும் முன்பணம் கேட்டால் சற்று யோசியுங்கள். உடலெங்கும் பரவிப் பல ஆண்டுகளாக நிற்கும் வலிக்கு இது மருந்தன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். ஒருவர் முழங்கை வலி என்று வந்தார். வலித்த இடத்தை மூன்று வாரம் நேர்மையாகத் தேய்த்தேன். அவரும் நேர்மையாகப் பொறுத்துக்கொண்டார். மூத்த மருத்துவர் ஒருவர் அவருடைய கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், நோய் கழுத்து நரம்பில் இருந்தது தெரிந்தது. வலிக்கும் இடம் ஒன்று, வலிக்குக் காரணமான இடம் மற்றொன்று என்று சிரியாக்ஸ் ஓயாமல் எச்சரித்ததை நான் தேர்வுக்காகப் படித்திருந்தேனேயன்றிக் கையில் பழகியிருக்கவில்லை. அவர் பட்ட மூன்று வார வேதனை இன்றும் என்னை உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. நீண்ட பயணத்திற்குப் பிறகோ, அறுவைக்குப் பின் படுக்கையில் கிடந்த பிறகோ, மகப்பேற்றுக்குப் பிறகோ ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், "சுளுக்கு, வழித்துவிடுகிறேன்" என்று யாரும் கை வைக்க வேண்டாம். ஆழ் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இறுதியாகும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குருதி உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்களுக்கும், புண்ணோ சீழோ உள்ள இடத்திலும், முடக்குவாதத்தால் கனன்று வீங்கிய மூட்டிலும் இந்த ஆழத் தேய்ப்பு ஆகாது.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னால் பொறுமை இழந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. கட்டைவிரலை மடக்கிப் பார்க்கும் சோதனையை என் எதிரிலேயே செய்து பார்க்க விரும்பும் தாய்மார்கள், உணவுப் பந்திக்கு முன் பின்புறத் தாழ்வாரத்துக்கு வரலாம்; பேரக்குழந்தையைச் சிறிது நேரம் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.