ராஜம் என்ன சொன்னான்?

(வட்டார வள மையத்தில் ஆங்கிலப் பாட ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாளாகக் கற்றல் விளைவுகள், படிவங்கள், செயலி, வருகைப் பதிவு என்று கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். ‘கடைசி அரை மணி நேரம் உங்களுக்கு, எதை வேண்டுமானாலும் பேசுங்கள் சார், அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர்’ என்றார் ஒருங்கிணைப்பாளர். எதை வேண்டுமானாலும் என்று சொன்னதால் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிடித்த புத்தகம் ஒன்று, நாடகம் ஒன்று, கிரிக்கெட் ஆட்டம் ஒன்று. நடுவில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பிடித்தவை பட்டியலில் வராது. ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. ஆங்கிலத்தைப் படித்தேனே தவிர யாரும் பேசிக் கேட்டதில்லை. வேலைக்கான ஆணை வந்த அன்று அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, “எங்க, இங்கிலீசுல நாலு வார்த்த பேசு” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் செய்வினை, செயப்பாட்டு வினை உதாரணத்தை ஒப்பித்தேன். ‘ராமா ரோட் எ லெட்டர். எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ராமா.’ அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. “யாருக்குப்பா லெட்டர் போட்டான்?” என்று மட்டும் கேட்டார். முப்பது வருடம் இலக்கணம் நடத்தியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

புத்தகத்துக்கு வருகிறேன். ஆர்.கே. நாராயண் எழுதிய ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. 1935இல் லண்டனில் வெளிவந்தது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கைப்பிரதி அது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு நாராயண் எழுதிய கடிதத்தில், அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று சொல்லியிருந்தாராம். நண்பர் ஆற்றில் போடவில்லை, கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். அப்படித்தான் மால்குடி நமக்குக் கிடைத்தது. நாராயண் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். அப்பா தலைமையாசிரியர். மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் முறை தேறவில்லை! ஒரு வருடம் வீட்டில் இருந்து கண்டதையெல்லாம் படித்தார். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் கதை இது.

இன்னொன்றும் உண்டு, இது நமக்கு. நாராயண் கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியராக இருந்தார். உடற்கல்வி ஆசிரியருக்குப் பதிலாகப் போய் நில்லுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டார். நாம் அப்படியில்லை. பி.டி. சார் கேட்காமலேயே அவருடைய பாடவேளையை வாங்கி, ‘போர்ஷன் முடியலை’ என்று ஃபில் இன் த பிளாங்க்ஸ் நடத்தியவர்கள். கைதூக்கச் சொல்லவில்லை, நான்தான் முதல் ஆள்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1986, செப்டம்பர் 22, திங்கட்கிழமை. நான் அப்போது மதுரையில் பி.எட். மாணவன். சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் கடைசி நாள். டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி முப்பது பேர். ஆலன் பார்டர் முந்தின நாள் எடுத்த ஓட்டங்களோடு டிக்ளேர் செய்துவிட்டார், இந்தியாவுக்கு 348 வேண்டும். அதற்கு முன், முதல் இன்னிங்சில் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனவர். சென்னைக்காரர்கள் பலருக்கு அந்த ஆட்டம் என்றால் ஜோன்ஸ்தான்.

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்தான் பிடிக்கும். கடைசி ஓவர், நான்கு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி ஆடிக்கொண்டிருக்கிறார், எதிர்முனையில் மணிந்தர் சிங், பதினோராவது ஆட்டக்காரர். சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார். அடுத்த பந்தில் ஒன்று. ஸ்கோர் சமம். இனி இந்தியா தோற்காது. ஆனால் இப்போது மட்டை மணிந்தர் கையில். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் ‘டை’. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒருமுறைதான் அப்படி நடந்திருந்தது, 1960இல் பிரிஸ்பேனில்.

டீக்கடையில் சண்டை வந்துவிட்டது. அந்த ஒரு ரன்னை எடுக்காமல், தானே நின்று அடித்திருக்க வேண்டாமா என்று பாதிப்பேர். தோல்வி இல்லை என்று உறுதி செய்ததுதான் புத்திசாலித்தனம் என்று மீதிப்பேர். நான் முதல் கட்சி. வேலைக்கு வந்த பிறகும் அந்தக் கட்சிதான். என் வகுப்பறையில் மட்டை எப்போதும் நாலு பேர் கையில்தான் இருக்கும். கேள்வி கேட்டால் அந்த நாலு பேர், ஆய்வுக்கு அதிகாரி வந்தால் அந்த நாலு பேர், ஆண்டு விழா என்றாலும் அந்த நாலு பேர். பதினோராவது ஆளிடம் மட்டையைக் கொடுத்தால் அவன் அவுட்டாகிவிடுவான், வகுப்புக்குக் கெட்ட பெயர்.

இனி அந்தத் தவறு. ஆங்கிலப் பாடவேளையில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு விதி வைத்திருந்தேன். யாராவது தமிழில் பேசினால் வகுப்புத் தலைவன் ஒரு சீட்டில் பெயர் எழுதுவான். வாரக் கடைசியில் சீட்டில் பெயர் அதிகம் இருப்பவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அடி, திட்டு எதுவும் கிடையாது. நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அது கொடுமை இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து அவள் பெயர். மூன்றாவது வாரம் சீட்டில் அவள் பெயர் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. முறை வேலை செய்கிறது என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். ஜனவரியில் கணக்கு டீச்சர்தான் கேட்டார், “சார், அந்தப் பொண்ணு உங்க வகுப்புல பேசுதா? எங்கிட்டக்கூட இப்ப வாயே திறக்க மாட்டேங்குதே?” யோசித்துப் பார்த்தேன். ஏழு மாதமாக அவள் குரலை நான் கேட்கவில்லை. ஆங்கிலம் வராது, தமிழ் கூடாது, ஆகவே ஒன்றுமே பேசுவதில்லை என்று அவள் முடிவுக்கு வந்திருக்கிறாள். சீட்டுக்கு அது வெற்றி.

அப்போது ஆண்டு விழா வந்தது. பத்து நிமிட ஆங்கில நாடகம், ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நீதிமன்றக் காட்சி. வழக்கம்போல நாலு பேர். மற்றவர்கள் கூட்டம்.

இங்கே எனக்குப் பிடித்த நாடகத்தைச் சொல்ல வேண்டும். அது ஷேக்ஸ்பியர் இல்லை, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், மீதியை அங்கேயே பேசிக்கொள்வார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் ஊரே எழுந்து உட்காரும். யார் யாரை மடக்கப்போகிறார் என்பது நடிப்பவர்களுக்கே தெரியாது. மொழியைப் பயமில்லாமல் புழங்கும் மனிதர்களை நான் முதலில் பார்த்தது அந்த மேடையில்தான். ஷேக்ஸ்பியரும் தமிழ் மேடைக்குப் புதியவரல்ல. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனி’சை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார்.

இதெல்லாம் தெரிந்த நான், வகுப்பில் சீட்டு வைத்திருந்தேன். பாருங்கள்.

அந்த வருடம் ஒத்திகையின் முதல் நாள் சீட்டைக் கிழித்துவிட்டு, கதையை முழுக்கத் தமிழில் சொன்னேன். கடன் வாங்கியது, ஒரு பவுண்டு சதை, ஷைலாக்கின் மகள் நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பு ஆளோடு போய்விட்டது, எல்லாவற்றையும். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவள்தான்.

“சார், மகளும் போயிட்டா, காசும் போயிருச்சு. அந்தக் கோவத்துலதான அந்தாளு கத்தியத் தூக்கிட்டு வந்துருக்கான்? கோர்ட்டுல ஒருத்தரு கூட அதக் கேக்கலையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் காட்சியை மறுபடியும் படித்தேன். மகள் பேச்சு வருகிறது. தீர்ப்பில், ஷைலாக் இறந்தபின் அவன் சொத்தை அந்த மகளுக்கும் மருமகனுக்கும் எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் அவள் கேட்ட கேள்வியை அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. நான் எம்.ஏ. ஆங்கிலம். இருபது வருடம் அந்தக் காட்சியை நடத்தியவன். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஏழு மாதம் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான்.

மறுநாள் ஷைலாக் வேடம் அவளுக்கு. ‘எனக்கு இங்கிலீஷ் வராது சார்’ என்றாள். சரி, நீ தமிழில் பேசு, நீதிமன்றம் ஆங்கிலத்தில் பேசட்டும் என்றேன். சங்கடத்தில் சொன்னதுதான், பெரிய யோசனை ஒன்றுமில்லை. ஆனால் மேடையில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதுகிறார்கள், நடுவில் ஒற்றை ஆள் தமிழில் கத்திக்கொண்டிருக்கிறான். முதலில் பெற்றோர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசி இரண்டு வசனத்தை மட்டும் அவளே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல, மற்றவர்கள் ஒத்திகை பார்க்கும்போது கேட்டுக் கற்றுக்கொண்டது.

இதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாள் என்று சொல்ல ஆசைதான். அரையாண்டில் 38, முழுஆண்டில் 44. அவ்வளவுதான். ஆனால் பேசினாள். கணக்கு டீச்சரிடமும் பேசினாள், சில நாள் அதிகமாகவே. அந்தச் சீட்டுக்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவியிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம். பிறகு எனக்கு இடமாறுதல் வந்துவிட்டது. இன்று உங்கள் முன்னால் சொல்வது அவளுக்குச் சொன்னதாகாது என்பதும் தெரியும்.

சாஸ்திரி எடுத்த அந்த ஒரு ரன் விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறிவிட்டேன். மணிந்தரும் அணியில் இருப்பவர்தானே. பந்தைச் சந்திக்காமல் எப்படி?

இப்போது எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நூலகம். ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்’சை வாரத்துக்குக் கொஞ்சமாக வாசிக்கிறேன். ஒரு பத்தி ஆங்கிலத்தில், பிறகு தமிழில், பிறகு அவர்கள் இஷ்டத்துக்கு எதில் வேண்டுமானாலும். சுவாமி கிரிக்கெட் பயிற்சிக்குப் போக முடியாமல் டிரில் வகுப்பில் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தால் வகுப்பே கொதிக்கும். பி.டி. பீரியடைப் பறிப்பது தவறு, டிரில் பீரியடைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவதும் தவறு, அப்படியானால் பெரியவர்களுக்கு என்னதான் தெரியும் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி.

போன மாதம் கடைசி அத்தியாயம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சுவாமி வராததால் ஆட்டம் தோற்று, ராஜம் அவனோடு பேசுவதில்லை. ராஜமின் அப்பாவுக்கு மாற்றல். ஊரைவிட்டுப் போகும் நண்பனுக்குக் கொடுக்க சுவாமி ஆண்டர்சன் கதைப் புத்தகத்தோடு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறான். வண்டி நகர்ந்துவிட்டது. புத்தகம் எப்படியோ ராஜம் கைக்குப் போய்ச் சேர்கிறது. ராஜம் ஏதோ சொல்கிறான். சத்தத்தில் சுவாமிக்குக் கேட்கவில்லை. கூட நின்ற மணிதான், இன்னது சொன்னான் என்கிறான். மணி சொன்னது நிஜமா, நண்பன் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா என்பது நாராயணுக்குத்தான் வெளிச்சம்.

புத்தகத்தை மூடிவிட்டு, “ராஜம் என்ன சொல்லியிருப்பான்?” என்று கேட்டேன். எப்போதும் கைதூக்கும் நாலு பேரை உட்காரச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஜன்னலோரத்துப் பையன் ஒருவன், இந்த வருடம் என்னிடம் ‘பிரசன்ட் சார்’ தவிர வேறெதுவும் சொல்லாதவன், எழுந்தான். “ராஜம் ஒண்ணும் சொல்லல சார். வாய மட்டும் அசைச்சிருப்பான்” என்றான். பக்கத்துப் பையன் அதை மறுத்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, ‘நோ சார், ஹி செட் சாரி’ என்றாள். ‘யூ நாட் தேர்!’ என்றான் ஜன்னலோரத்துப் பையன். வினைச்சொல் இல்லாத வாக்கியம். நான் திருத்தவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு, அதைப் பற்றியே சண்டை போட்டபடி கேட்டைத் தாண்டிப் போனார்கள்.