ஆழ்கடலிற் கேட்டல்

(விசாகப்பட்டினத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் இசையும் ஒலிக்கும் இம்மேடையில் கணிப்பொறி விளையாட்டொன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார். “விளையாட்டைப் பற்றியன்று, கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன்” என்றேன். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே அப்பெயரைச் சூட்டியிருப்பதால் அவர் மறுப்புச் சொல்லாமல் இசைந்தார்.

இந்நகரத்துக் கடற்கரையில் நிற்கும் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1969இல் கடற்படையிற் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, 2002 முதல் காட்சியகமாக விளங்குவது அது. அதன் இனத்தைச் சேர்ந்த கப்பலொன்றில் ஒலி கேட்கும் பணியில் இருந்தவன் நான். காதுகளை மூடிய கருவியோடு, கண்ணுக்கு எதுவும் தெரியாத ஓரறையில், என் இளமையின் பெரும்பகுதி கழிந்தது.

சென்ற கோடை விடுமுறைக்கு என் பேரன் வந்திருந்தான். ‘சைலன்ட் ஹன்டர்’ என்னும் விளையாட்டின் மூன்றாம் பகுதியை அவன் ஆடிக்கொண்டிருந்தான். 2005இல் வெளிவந்த இவ்விளையாட்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனாக ஆடுபவன் அட்லாண்டிக் கடலில் உலவுகிறான். “தாத்தா, வணிகக் கப்பல் ஒன்று மெதுவாக நெருங்கி வருகிறது. ஒலி கேட்பவன் சொல்லிவிட்டான்” என்றான் பேரன். திரை வரைபடத்தில் அக்கப்பலின் குறியும் தோன்றிற்று. “இவ்வளவு உறுதியாக அவன் எப்படிச் சொன்னான்?” என்று கேட்டேன். பேரன் என்னை வியப்போடு பார்த்தான். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இவ்வுரை.

அன்பர்களே, நம் தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒலியைச் செவியால் உணர்வதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல். கடலடியிலும் இவ்விரண்டுமே வழிகள். ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கி, வாய்மூடிச் செவிகொடுப்பது. ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனாரோ, “அங்கே யார்?” என்று உரக்க வினாவுவது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு விளையாட்டு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறதோ, அவ்வளவே அதன் பெருமை என்பேன்.

முதலில் செவிகொடுப்பதைப் பார்ப்போம். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 1826இல் கொலாடனும் ஸ்டர்மும் ஜெனீவா ஏரியில் மணியொன்றை நீருக்குள் அடித்து இவ்விரைவை அளந்தனர். ஜெர்மானியக் கப்பல்களில் பக்கத்திற்கு 24 ஆக 48 ஒலிவாங்கிகளைக் கொண்ட கருவி இருந்தது. கடல் இணங்கினால் தனிக்கப்பலை 20 கிலோமீட்டர்த் தொலைவிலும், பெருங் கப்பற்கூட்டத்தை 100 கிலோமீட்டர்த் தொலைவிலும் அதனாற் கேட்க முடிந்தது என்பர்.

ஆனால் எதைக் கேட்க முடிந்தது? திசையை மட்டுமே. இருட்டில் நடப்பவனுக்குத் தொலைவில் ஒரு பறை ஒலிக்கிறது. எத்திசையில் என்று அவன் சொல்வான்; எத்தனை தொலைவில் என்று சொல்ல மாட்டான். அருகே மெல்ல அடிக்கும் பறையும் தொலைவில் ஓங்கி அடிக்கும் பறையும் செவிக்கு ஒன்றே. தொலைவை அறிய அவன் பக்கவாட்டில் சிறிது நடந்து மறுபடியும் கேட்க வேண்டும். நீர்மூழ்கியும் அவ்வாறே போக்கை மாற்றி மாற்றித் திசைகளைக் குறித்து, கணக்கிட்டு, பையப் பைய எதிரியின் இடத்தையும் விரைவையும் ஊகித்தறியும். சுழலியின் துடிப்பை நிமிடத்திற்கு இத்தனை என்று எண்ணுவதும் அவ்வூகத்திற்குத் துணை. ‘டேஞ்சரஸ் வாட்டர்ஸ்’ என்ற மற்றொரு விளையாட்டு, இதுவும் 2005இல் வந்ததே, இக்கணக்கையெல்லாம் ஆடுபவனே செய்யும்படி விட்டுவிடுகிறது. என் பேரனின் விளையாட்டிலும் வரைபடக் குறிகளை நீக்கிவிடும் வசதி உண்டு. நீக்கியபின் அவன் ஒரு கப்பலைப் பிடிக்க ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. “இப்போதுதான் நீ கடலுக்குள் இறங்கியிருக்கிறாய்” என்றேன்.

இரண்டாவது, கேட்பவனுடைய சொந்த ஓசை. விரைந்து ஓடும் கப்பலுக்குத் தன் ஓசையே செவியை அடைத்துவிடும். தன் சுழலிக்குப் பின்னால் இருப்பது எப்போதும் கேளாப் பகுதியே. திரும்பிப் பார்த்தாலன்றித் தெரியாது. ஆகவே கேட்க விரும்புபவன் மெதுவாகச் செல்ல வேண்டும், அல்லது நிற்க வேண்டும். நின்றால் எதிரி தப்பிவிடுவான். ஓடினால் எதிரி இருப்பதே தெரியாது. இவ்விருதலைக் கொள்ளியை ஆடுபவன் உணரும்படி செய்யாத விளையாட்டு, வெறும் பொம்மையாட்டமே.

மூன்றாவது, கடலின் இயல்பு. 1930களில் கியூபாவின் குவாண்டானமோ விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படையினர் ஒரு புதிரைக் கண்டனர். காலையில் நன்கு வேலை செய்த கருவி, பிற்பகலில் எதிரொலி தராமற் போயிற்று. உண்ட மயக்கத்தில் கருவியாளர் கண்ணயர்கிறார் என்றே முதலில் ஐயுற்றனராம்! ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. வெயில் ஏற ஏறக் கடலின் மேற்பரப்பு சூடாகிறது. ஒலியோ தான் மெதுவாகச் செல்லும் பகுதியை நோக்கி வளையும் இயல்புடையது. சூடான மேல்நீரிலிருந்து குளிர்ந்த கீழ்நீரை நோக்கி வளைந்து சென்ற ஒலி, இலக்கை அடையாமலே ஆழத்திற்குப் போய்விட்டது. வெப்ப அடுக்கின் கீழே பதுங்கும் நீர்மூழ்கி இத்தகைய ஒலி நிழலில் மறைகிறது. நம் வங்கக் கடலிலோ கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கொண்டு சேர்க்கும் நன்னீர் மேலே பரவி, வேறோர் அடுக்கையும் அமைக்கிறது. ‘சைலன்ட் ஹன்டர்’ நான்காம் பகுதி, 2007இல் வந்தது, வெப்ப அடுக்கைக் கடக்கும்போது மாலுமி அறிவிக்கும்படி அமைந்திருக்கிறது. இது போற்றத்தக்க முன்னேற்றம்.

கடல் வாழ் உயிர்களின் ஓசையும் உண்டு. வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளில், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்புக் கேட்கும். கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிற்றிறால்களின் வேலை அது என்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். விரலளவு இறால்கள் கூடிப் போர்க்கப்பலின் ஓசையை மறைத்துவிடும் என்றால் நம்புவீர்களா?

இனி, வினாவும் கேட்டலுக்கு வருவோம். ஒலியெழுப்பி எதிரொலி பெற்றால் தொலைவும் தெரிந்துவிடும், ஐயமில்லை. ஆனால் அவ்வொலி இலக்கை அடைந்து திரும்பியும் வரவேண்டும். இலக்கிலிருப்பவனுக்கோ ஒருவழிப் பயணமே போதும். ஆகவே நாம் அவனைக் காண்பதற்கு நெடுந்தொலைவு முன்னரே அவன் நம்மைக் கேட்டுவிடுவான். உரக்கக் கேட்பவன் தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். இன்னொன்று: அக்காலத்துக் காவற்கப்பலின் சோனார் கதிர், நீர்மூழ்கியை மிக நெருங்கும்போது அதைத் தவறவிட்டுவிடும். குண்டு வெடித்தபின் கொந்தளிக்கும் நீரில் இருதரப்பும் செவிடாகிவிடும். அந்தச் சில நொடிகளில்தான் நீர்மூழ்கி விரைந்து திரும்பித் தப்ப முயலும். என் பேரன் இதை நானே சொல்லாமல் விளையாட்டிலிருந்து கற்றிருந்தான். அதை மறைக்காமற் சொல்வது நேர்மை.

அங்ஙனமாயின் குறை யாது? ஒன்றே ஒன்று. அவ்விளையாட்டின் ஒலி கேட்பவன் பிழை செய்து நான் கண்டதில்லை. “தெரியவில்லை” என்று அவன் சொல்லிக் கேட்டதும் இல்லை.

நான் சொல்லியிருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. பணியிற் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, வங்கக் கடலில் ஒரு பயிற்சி. நாங்கள் ஆழத்திலிருந்து மேலெழ வேண்டியிருந்தது. எனக்கு மங்கலாக ஓர் ஓசை கேட்டது. மீன்பிடி படகு போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. தலைவர் கேட்டார். ஐயத்தைச் சொன்னால் திறமையற்றவன் என்பார்களே என்று அஞ்சி, “மீன்பிடி படகு, ஐயா” என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். மேலெழுந்து பார்த்தால், மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த எதிரணிப் போர்க்கப்பல் கண்ணெதிரே நின்றது. பயிற்சிக் கணக்கில் நாங்கள் அனைவரும் மூழ்கிவிட்டோம். தலைவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐயம் என்று நீ சொல்லியிருந்தால், இன்னும் கால்மணி நேரம் கீழேயே இருந்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான். அவ்வொரு சொல் என் வாழ்நாள் முழுதும் என்னோடு இருக்கிறது.

ஏனெனில் பயிற்சி அல்லாத நாள்களும் உண்டு. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. நம் நாட்டிலும், 1971 டிசம்பர் 9ஆம் நாள், தியூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ‘ஹாங்கர்’ நீர்மூழ்கி தாக்கியதில் ‘குக்ரி’ மூழ்கிற்று. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு சென்றார். நம் செவி போதவில்லை என்பதை அவ்விழப்பு நாட்டுக்கு உணர்த்திற்று. அதன்பின் நம் கடற்படைச் சோனாரைச் சீர்திருத்தும் பணியில் முன்னின்றவர் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்கள். கொச்சி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவான ‘அப்சோ’ சோனார் 1983இல் கடற்படைக்கு வந்தது. தமிழர் என்பதால் மட்டும் அவரை நினைவுகூரவில்லை. ஓசைக் காட்டில் ஐயத்தை ஐயமென்றே கொண்டு, அதை அளந்து குறைப்பதே அவரது துறை என்பதால் நினைவுகூர்கிறேன்.

இளைஞர்களே, விளையாடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் குறிகளை நீக்கிவிட்டு விளையாடுங்கள். திரையில் எல்லாம் தெளிவாகத் தோன்றும் போர் உலகில் எங்கும் நடந்ததில்லை. எதிரே வருவது போர்க்கப்பலா, வலைவீசும் ஏழை மீனவனின் படகா என்று தெரியாத அந்தக் கால்மணி நேரமே உண்மையான கடல். அந்நேரத்தில் பொறுத்திருக்கக் கற்றவனே கேள்வியுடையவன்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும்போது என் பேரன், “தாத்தா, அந்தப் படகு ஓசை எப்படி இருந்தது?” என்று கேட்டான். “இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாதடா” என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.