இளையபெருமாள் அறிக்கை
(அமராவதி நகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, இளையபெருமாள்னா நம்ம பிள்ளைகளுக்குக் ‘காங்கிரஸ்காரர்’ என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். 1952, 1957, 1962 என மூன்று முறை நாடாளுமன்றம் போனார். 1980-இல் எழும்பூர் எம்.எல்.ஏ. பதவிக்கணக்கு போதும்.

1965-இல் தீண்டாமையை ஆராய மத்திய அரசு அவர் தலைமையில் குழு போட்டது. அறிக்கை வந்தது 1969-இல். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து பதினாலு வருசமாகியும் கிணறும் கோயிலும் நமக்கு இல்லை என்பதை அரசாங்கத் தாளிலேயே ஏற்றிவிட்டார். (வங்கியில் கோப்பு தள்ளுகிறவன் நான், தாளில் ஏறியதை மறுப்பது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.) பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னதும் அந்த அறிக்கைதான். அதை வைத்தே தமிழக அரசு 1970 டிசம்பரில் சட்டம் திருத்தியது. 1972-இல், சேஷம்மாள் வழக்கில், உச்சநீதிமன்றம் என்ன செய்தது? பரம்பரை உரிமை போனது சரியென்றது. ஆகமத்தைக் காட்டிக் கருவறையை மட்டும் பூட்டியே வைத்தது. எல்லாச் சாதி அர்ச்சகர்களுக்கும் பரவலாக நியமன ஆணை கொடுக்க 2021 ஆகிவிட்டது.

அவர் கட்சி ஆட்சியிலேயே அறிக்கை தூங்கியது. அந்தக் கட்சியில் அத்தனை காலம் ஏன் இருந்தார் என்ற கோபம் எனக்கும் உண்டு. பிறகு விலகித் தனியே மனித உரிமைக் கட்சி கண்டார்; 2005-இல் மறைந்தார்.

ஆனா ஒன்று. இரட்டைக் குவளைக்கு எதிரா நீங்க புகார் எழுதும்போது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு போடுறீங்களே, பழைய சட்டம் 1976-இல் கடுமையாகி அந்தப் பேர் வாங்கியது இந்த அறிக்கை கொடுத்த நெருக்கடியில்தான்.