மூன்று மணி அசதியும் கடையில் நிற்கும் தம்பியும்
(டிரஸ்ட்டின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மதியம் மூன்று மணிக்கு எலவனாசூர்கோட்டையில் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கல்லாவில் முதலாளி கொட்டாவி விடுவார். வேலை பார்க்கும் தம்பி அலமாரியில் சாய்ந்து நிற்பான். முதலாளிக்கு வந்தால் அசதி, தம்பிக்கு வந்தால் சோம்பல் என்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது பின்னிரவில் ஒரு தடவை, மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் ஒரு தடவை நம்மைத் தூக்கத்துக்கு இழுக்கும். சாப்பிடாவிட்டாலும் இழுக்கும், நோன்பு வைப்பவர்களுக்கு இது தெரியும். வயிறு முட்டச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம், வெள்ளிக்கிழமை பிரியாணியே சாட்சி. இஷாவுக்குப் பிறகு நள்ளிரவு வரை செல்போன் பார்த்துவிட்டு சுபுஹுக்கு எழுபவர் பாடு இன்னும் மோசம். உளுந்தூர்பேட்டை – கள்ளக்குறிச்சி சாலையில் லோடு வண்டி ஓட்டுபவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டிப் படுத்துவிட வேண்டும்.

இதற்கு நம்மிடம் பழைய வழி உண்டு, கைலூலா. அந்தர நேரங்கள் மூன்றைச் சொல்லும் சூரத்துந் நூரின் 58-வது வசனம், நண்பகல் ஓய்வு நேரத்தையும் அதில் சேர்க்கிறது. நீண்டதூர விமானிகளுக்கு நாசா 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காத விமானிகளைவிட விழிப்போடு இருந்தார்கள். நமக்கு இருபது நிமிடம் போதும். அரை மணிக்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். டீயைக் குடித்துவிட்டே படுக்கலாம், அது வேலை செய்யச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அஸருக்குப் பிறகு குடிக்கும் டீதான் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

சரி, கடைத் தம்பி எங்கே போய்ப் படுப்பான்? பல கடைகளில் உட்காரவே இடமில்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியரிடம் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் நம் பெண்களின் கால் வீக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் வந்தது என்று புரியும்.

துபாயில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில், வெயிலில் வேலை வாங்கத் தடை. அங்கே நம் மகனுக்கு அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் நமக்குக் கொதிக்கிறது. இங்கே நம் கடையில் நிற்பவனும் ஒரு தாய்க்கு மகன்தான்.

"கடையை யார் பார்ப்பது?" என்பீர்கள். லுஹர் ஜமாஅத்துக்கு முறைவைத்துப் போகிறோமே, அதேபோல இதற்கும் முறைவைக்கலாம். உள்ளே ஒரு பாய் விரிக்க இடம் போதும். வீட்டிலும் அப்படியே: சுபுஹுக்கு முதலில் எழும் தாய்மார்கள் லுஹருக்குப் பிறகு பாத்திரத்தோடு நிற்கிறார்கள். அந்த இருபது நிமிடம் பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவட்டும்.

ஸ்டூல் வாங்கச் சிரமப்படும் சிறு கடைக்காரர்கள் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். அஸருக்குப் பிறகு ஆள் இருப்பார்கள்.