மனவுளைச்சலும் மெய்ந்நலிவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எனக்குப் பணிக்கப்பட்ட பொருள், நாள்தோறும் நம் இல்லங்களில் விளையும் மனவுளைச்சலின் காரணமும் பயனுமாம். இலக்கணம் பயிற்றும் ஒருவன் மருத்துவர்க்குரிய பொருளைப் பேசப் புகுதல் என்னையெனின், தமிழுக்கு இதன்கண் உரிமை உண்டு என்பேன். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்துள்ளார். உள்ளத்தே நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. அவற்றுள் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களாக அவர் எண்ணியவை நான்கு: தெய்வம், விலங்கு, கள்வர், தமக்குத் தலைவராயினார். இந்நான்கினையும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

சொல்லைக் குறித்து ஒரு சிறிது கூற விடைகொடுங்கள். என் தொழிற் பழக்கம் என்னை விடாது. ஆங்கில மருத்துவர் வழங்கும் ‘ஸ்டிரெஸ்’ என்னுஞ் சொல், இரும்பு முதலியவற்றைத் தாக்கும் விசையைக் குறிக்கப் பொறிநூலார் ஆண்டது. அதனை நம்மவர் மனவழுத்தம் எனப் பெயர்த்தனர். எதிலும் பற்றின்றி உள்ளம் சோர்ந்து கிடக்கும் நோய்க்கும் அப்பெயரே வழங்குதலின் மயக்கம் உண்டாகின்றது. நம் பாட்டிமார், ‘கால் உளைகிறது’ என்பர். சுமை தாங்கி நெடுந்தொலை நடந்த கால், சுமையை இறக்கிய பின்னும் குடைந்து நோதலை அச்சொல் நன்கு உணர்த்தும். மனத்தின் நோவுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

இனி, உடம்பில் நிகழ்வது யாது? அமெரிக்க நாட்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கானன் என்னும் அறிஞர், ஊடுகதிர்க் கருவி கொண்டு பூனையின் இரைப்பை உணவை அரைக்கும் வகையை நோக்கிவந்தார். பூனை கலக்கமுற்ற அளவில் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அதன் காரணத்தை ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அச்சமோ வெகுளியோ தோன்றியவுடன், சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்த சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கின்றது, ஈரல் தன்பாற் சேர்த்துவைத்த சர்க்கரையை வெளிவிடுகின்றது, குருதி வயிற்றினின்று நீங்கித் தசைகளை நோக்கி ஓடுகின்றது, வாய் உலர்கின்றது. போரிடுதற்கேனும் ஓடுதற்கேனும் உடம்பு தன்னைச் சித்தம் செய்துகொள்ளும் முறை இது. புலியை எதிர்ப்பட்டவனுக்கு இதனினும் சிறந்த துணை பிறிதில்லை.

ஆயின் புலி போய்விடும். கள்வனும் ஒரு நாழிகையில் அகல்வான். நான்காவதாகச் சொல்லப்பட்ட தலைவரோ திங்கட்கிழமைதோறும் தம் நாற்காலியில் வந்து அமர்ந்திருப்பார்! கடன் கொடுத்தாரும் அத்தகையரே. அவரோடு போரிடவும் இயலாது. அவரை விட்டு ஓடவும் இயலாது. சில நொடிக்கென அமைந்த ஏற்பாடு மாதக்கணக்காக நீடிக்கின்றது. துயில் கெடுகின்றது, குருதியழுத்தம் ஏறுகின்றது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது.

1936-ஆம் ஆண்டில், கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்பார் இதனை எலிகளிடத்துக் கண்டார். குளிரில் வைப்பினும், காயப்படுத்தினும், அளவுகடந்து உழைப்பிக்கினும், துன்பம் வேறுவேறாயினும் உடம்பில் விளைந்த கேடு ஒன்றாகவே இருந்தது. முதலிற் கலங்குதல், பின்னர்த் தாங்கிநிற்றல், முடிவில் ஓய்ந்து வீழ்தல் என மூன்று நிலைகளை அவர் வகுத்தார். அவ்வெலிகளின் இரைப்பையிற் புண்ணும் காணப்பட்டது. அதுபற்றி, மக்களின் வயிற்றுப்புண் யாவும் கவலையால் வருவதே என நெடுங்காலம் பேசப்பட்டது. அஃது அற்றன்று, பெரும்பாலானவற்றுக்கு ஒரு நுண்ணுயிரே காரணம் எனக் காட்டிய ஆஸ்திரேலிய அறிஞர் மார்ஷல், வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இதனை எடுத்துரைப்பது, வயிறு நொந்தால் ‘மனக்கவலைதான்’ என்று வாளாவிராது மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதற்காகவே.

காரணத்துக்கு வருவோம். வேலை மிகுதியால் உளைச்சல் மிகும் என்றும், ஆகவே பெரும்பதவியிலிருப்பாரே மிகத் துன்புறுவர் என்றும் நம்மவர் கருதுகின்றனர். இலண்டன் மாநகரில் ஒயிட்ஹால் எனப்படும் அரசாங்க அலுவலகங்களில் 1967-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. 17,000-க்கு மேற்பட்ட ஆடவர் ஆண்டுக்கணக்காகக் கவனிக்கப்பட்டனர். கண்டது என்னை? மேலதிகாரிகளைவிட, கடைநிலை ஏவலாளரே ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாக மாண்டனர். புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கிற் கொண்டும் வேறுபாடு முற்றும் நீங்கவில்லை. மைக்கேல் மார்மட் என்பார் தலைமையில் 1985-இல் பெண்டிரையும் சேர்த்து 10,308 பேரிடத்து இரண்டாம் ஆராய்ச்சி தொடங்கிற்று. தம் வேலையை எப்பொழுது, எவ்வாறு செய்வது என்று தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்க்கே நெஞ்சுநோய் மிகுதி என்று அதனாற் புலப்பட்டது. சுமையின் எடை மட்டுமன்று. அதனை இறக்கிவைக்கும் நேரத்தைச் சொல்ல உரிமையின்மையே கொடிது.

பெரியோர்களே! இவ்வளவுகோலைக் கையிலேந்தி நம் இல்லங்களுக்குள் நுழைந்து பார்ப்போம். அங்கே கடைநிலை ஏவலாளர் யாவர்? பக்கவாதத்தால் படுக்கையிற் கிடக்கும் மாமனாரையும், பெயர் மறந்து ஊர் மறந்து இரவெல்லாம் வாயிற்கதவைத் தட்டும் மாமியாரையும் பேணுவார் யாவர்? மகனும் மகளும் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று உறவினரிடம் சொல்லுகின்றனர். பார்த்துக்கொள்பவள் மருமகள், சிலவிடத்து மணமாகாத மகள். அவள் எப்பொழுது உண்பது, எப்பொழுது உறங்குவது என்பதனைப் படுக்கையிற் கிடப்பாரின் நோய் தீர்மானிக்கின்றது. எஞ்சியதனை நாம் தீர்மானிக்கின்றோம். அவள் முகஞ்சுளித்தால் குடும்பப் பெயர் கெட்டதென்கின்றோம்.

அன்பிருந்தால் உளைச்சல் இராது என்பாரும் உளர். அவர்க்கு விடையாக ஓர் ஆராய்ச்சியைக் கூறுவல். அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக் கீகோல்ட்-கிளேசர் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் 1995-இல் இதனை வெளியிட்டனர். நினைவிழந்த உறவினரைப் பேணிவந்த பெண்டிர் 13 பேர். அவ்வயதும் வருவாயும் ஒத்து, அத்தகைய சுமையில்லாத பெண்டிர் 13 பேர். ஒவ்வொருவர் கையிலும் அவர் இசைவோடு 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு புண் செய்து, அஃது ஆறும் நாளை எண்ணினர். சுமையற்றார்க்கு ஏறத்தாழ 39 நாளில் ஆறிற்று. பேணிவந்தார்க்கோ ஏறத்தாழ 49 நாளாயிற்று. அன்பில்லாதவரா அவர்கள்? அன்பு உள்ளத்துக்கு ஆறுதல் தரலாம். துயிலாத உடம்பு தன் கணக்கைத் தனியே எழுதிவருகின்றது.

முற்காலத்துப் பெண்டிர் நெற்குற்றி நீரிறைத்தும் இவ்வாறு நொந்தாரில்லையே எனப் பெரியவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கடாவினார். நொந்தார் நொந்ததை அவரிடம் சொல்லியிரார் என்பது என் ஐயம். அது நிற்க. அந்நாளில் ஒரு வீட்டில் கைகள் பல இருந்தன. ஓரகத்தி ஒருத்தி இரவு விழித்தால் மற்றொருத்தி பகல் விழிப்பாள். இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் வாழ, முதியோர் ஆயுளோ நீண்டிருக்க, இரண்டு கைகளே எஞ்சியுள்ளன. அவர்கள் அங்கிருந்து பணம் அனுப்புகின்றனர், அது நன்றே. ஆனால் பணம் இரவில் விழித்திராது.

உள்ளம் நொந்தாரைப் பித்தர் என்று ஒதுக்கும் வழக்கமும் நம்மிடையே ஒழிந்தபாடில்லை. மத்திய அரசாங்கத்தார் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கினர். 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். திருமணச் சம்பந்தத்துக்கு இடையூறாகும் என்றஞ்சி அதனையும் மறைவாக எழுதிக்கொள்வார் உளர். மறைவாகவேனும் எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. திருமணப் பந்தலுக்கும் பரிசளிப்புக்கும் நம்மில் ஆள் திரட்டுகின்றோம். அவ்வாறே, நோயாளரைப் பேணும் இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை அரைநாள் சென்று, நோயாளர் பக்கலில் அமர்ந்திருக்க ஆடவர் பட்டியல் ஒன்று வகுக்கவேண்டும். ஆடவர் என்றது அறிந்தே கூறியது. பெண்டிரை எழுதினால் ஒரு வீட்டுச் சுமையை மற்றொரு வீட்டில் இறக்குவதாகும். அவ்வரைநாளில் அவ்வில்லத்துப் பெண் உறங்கலாம், கோயிலுக்குச் செல்லலாம், ஒன்றும் செய்யாதும் இருக்கலாம். யாது செய்தாள் என்று ஒருவரும் வினவுதல் கூடாது. பட்டியலில் ஞாயிறு முற்பகலுக்கு என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றேன்.